கடைச் சுவரில் மாட்டியிருந்த நன்றித் தாள்

ஐயா,

நீ இதைப் படிக்கும்போது நான் மாடியில் என் அறையில் இருப்பேன். மருமகள் வாசுகி உன் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் இதை வைத்திருப்பாள். நான் சொல்லச் சொல்ல எழுதியது அவள்தான். நேற்றும் இன்றும் நீ வேலைக்குப் போன பிறகு இரண்டு பேரும் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து இதைச் செய்தோம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அப்பன் எதற்கு மகனுக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று கேட்பாய். நேரில் சொன்னால் நீ, "அப்பா, அது வேற, இது வேற" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவாய். அதற்கு மேல் எனக்கு வாய் வராது. உன்னோடு பேசி நான் ஜெயித்ததே இல்லை. தாளில் இருந்தால் நீ குறுக்கே பேச முடியாது, கடைசிவரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

திங்கட்கிழமை சாயங்காலம் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. மேசையின் ஒரு முனையில் உன் மகள் கயல், தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நடத்தவேண்டிய சரித்திரப் பாடத்தை எழுதிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் நீ லண்டனில் இருக்கிற நம் ஊர்க்காரர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை விரித்து, சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் பெருக்கல் குறி போட்டுக்கொண்டிருந்தாய். நடுவில் நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்து தெரியாது, குறி தெரியும். அதனால்தான் கேட்டேன்.

"என்னாய்யா அது, தப்புத் திருத்தறியா?"

"இல்லப்பா. இதெல்லாம் குணா பக்கம் இருக்கற ஆளுங்க. ஞாயித்துக்கிழமை தேர்தல் கூட்டத்துக்கு முன்ன செல்வராஜூ அண்ணன்கிட்ட குடுத்துடணும். பேரு எடுத்துட்டா இவங்களுக்கு ஓட்டு இல்ல."

"அவன் பக்கம்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கொரோனா நேரத்துல அவன் கிச்சன்ல வேல செஞ்சவங்களுக்கு நன்றிப் பத்திரம் குடுத்தோம்ல, அந்த லிஸ்ட்டப் பாத்துத்தான். அன்னைக்கு அவனோட சோறு தூக்குனவன் இன்னைக்கு அவனுக்கு ஓட்டுப் போடமாட்டானா?"

என் கையிலிருந்த கத்தி தரையில் விழுந்தது. வாசுகி ஓடிவந்து, சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்துச் சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள். நீ, "போய்ப் படுங்கப்பா, காலையிலேர்ந்து உக்காந்தே இருக்கீங்க" என்றாய். படுத்தேன். ஆனால் சர்க்கரையெல்லாம் ஒன்றும் இறங்கவில்லை ஐயா. நீ சொன்ன அந்தப் பேச்சை, கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை, இதற்கு முன்னால் நான் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்று என் தலையில் ஒரு கோணிச்சாக்கு கவிழ்த்திருந்தது. அதே பேச்சை என் மகன் வாயிலிருந்து, என் வீட்டு மேசையில், பூண்டு வாசத்துக்கு நடுவே கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை.

மலாயாவில், பேராக்கில் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டம் உனக்குத் தெரியாது. நீ பிறந்தது அதற்குப் பிறகு வந்த தோட்டத்தில். அந்த முதல் தோட்டத்தின் வாசலில், சடக்கு என்று நாங்கள் சொல்கிற ரோட்டை ஒட்டி ஒரு பலகைக் கடை இருந்தது. கடைக்காரரை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். சீனக் கடை முதலாளிக்கு அங்கே அதுதான் பெயர். தமிழ் நன்றாகவே பேசுவார், நம் ஆள்கள் திட்டுகிற திட்டெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஜப்பான்காரன் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. தோட்டத்துத் துரை காரில் ஏறிச் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடினான். எங்கள் அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பவில்லை. அம்மா, நான், தங்கச்சி மூன்று பேரும் உயிரோடு இருந்தது தவுக்கே கடைக்குப் பின்னால் போட்டிருந்த மரவள்ளிக் கிழங்கால். "எடுத்துட்டுப் போ, ஒம் புருஷன் வந்து சண்ட போடப் போறான், புள்ளைங்களுக்குச் சோறு போடலியான்னு" என்று அம்மாவிடம் சொல்வார். அப்பா வரமாட்டார் என்று தெரிந்த பிறகும் அதையே சொன்னார்.

எங்களுக்கு மட்டும் இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் கடையின் பின்பக்கம் காட்டிலிருந்து சில பேர் வருவார்கள். ஜப்பான்காரனோடு சண்டைபோட்ட காட்டுப்படை. பெரும்பாலும் சீனர்கள், கம்யூனிஸ்ட்டுகள். வெள்ளைக்காரன் அவர்களுக்கு விமானத்திலிருந்து குடையில் கட்டித் துப்பாக்கி இறக்கினான், தன் ஆபீசர்களையும் அவர்களோடு காட்டிலேயே தங்கவைத்தான். சிவப்பும் வெள்ளையும் ஒரே பானைச் சோறு தின்ற காலம் அது. அந்தப் பானைக்கு அரிசியும் கிழங்கும் போனது தவுக்கே கடையிலிருந்து. ஜப்பான்காரனுக்குத் தெரிந்திருந்தால் தலையை வெட்டிச் சடக்கோரம் வைத்திருப்பான்.

ஜப்பான் சரணடைந்ததும் காட்டுப்படை வெளியே வந்தது. தொப்பியில் மூன்று நட்சத்திரம். நான் வேலியில் ஏறி நின்று பார்த்தேன். வெள்ளைக்கார ஆபீசர் அவர்களுக்குக் கைகொடுத்தான், ஒருவனைக் கட்டிப்பிடித்துக்கூடக் கொண்டான். சில மாதம் கழித்து அதே ஆபீசர் ஜீப்பில் கடைக்கு வந்து தவுக்கேயிடம் ஒரு தாளைக் கொடுத்தான். மேலே சிங்கமும் கொம்பு வைத்த குதிரையும் அச்சடித்திருந்தது. ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி படித்துச் சொன்னார்: போர்க்காலத்தில் நம் படைகளுக்கு உணவு கொடுத்து உதவியதற்கு அரசாங்கத்தின் நன்றி. தவுக்கே அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பிஸ்கட் டின்களுக்கு மேலே, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினார். கள் குடித்துவிட்டு வந்து வம்பு பண்ணுகிறவன்கூட அதை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தணிப்பான். எங்களுக்கெல்லாம் அது சாமி படம் மாதிரி. அது மாட்டியிருக்கிற வீட்டுக்கு ஒரு கெடுதலும் வராது என்று நினைத்தோம்.

அடுத்த இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. கைகொடுத்தவர்களில் ஒருவன் மறுபடி காட்டுக்குள் போனான், இன்னொருவன் அவனைக் கொள்ளைக்காரன் என்று சொல்லித் தலைக்கு விலை வைத்தான். ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. இத்தனை வருஷமாக அதை ஏதோ எங்கள் காட்டுச் சண்டை, வெள்ளைக்காரனுக்கும் சீனனுக்கும் உள்ள தகராறு என்றுதான் நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை கயல் வேலை முடிந்து வந்ததும் கேட்டேன், "நேத்து என்னமோ பாடம் எழுதினியே, அத எனக்கும் நடத்து" என்று. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

"தாத்தா, அமெரிக்கா, ரஷ்யா ரெண்டு பேரும் சேம் சைட். ஹிட்லர் இருக்கற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஹிட்லர் இல்ல."

"அவ்வளவுதானா காரணம்?"

"மெயின் காரணம் அதான் தாத்தா," என்று சிரித்தாள். பிறகு தாளில் கோடு போட்டுக் காட்டினாள். அமெரிக்காக்காரன் ரஷ்யாக்காரனுக்குக் கப்பல் கப்பலாக லாரியும் டின் இறைச்சியும் அனுப்பியிருக்கிறான். இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரையில் சந்தித்துக் கைகுலுக்கிச் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு யார் எங்கே நிற்பது என்ற பேச்சு வந்திருக்கிறது. ரஷ்யாக்காரனுக்கு வீட்டுக்கு ஒரு சாவு, இரண்டு சாவு. மறுபடியும் மேற்கிலிருந்து எவனாவது படை எடுத்து வருவான் என்ற பயத்தில், நுழைந்த நாடுகளிலிருந்து அவன் கிளம்பவில்லை. இவன் கிளம்பவில்லையென்றால் மேலே மேலே வருவான் என்று அமெரிக்காக்காரனுக்குப் பயம். கையில் அணுகுண்டு வேறு இருக்கிறது. அதைப் பார்த்து ரஷ்யாக்காரனுக்கு இன்னும் பயம், அவனும் ஒன்று செய்தான். ஒவ்வொருவனும் தன்னுடைய பயத்தை அடுத்தவனுடைய திட்டம் என்று சொல்லியிருக்கிறான். ஒரு நகரத்தையே இரண்டாக அறுத்திருக்கிறார்கள். பிறகு உலகத்தில் இருக்கிற எல்லாரையும் பார்த்து நீ எந்தப் பக்கம் என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

"மலாயா?" என்று கேட்டேன்.

"அதுவும் இதுக்குள்ளதான் தாத்தா. அங்க கம்யூனிஸ்ட் வந்தா ரஷ்யா பக்கம் போயிடும்னு பயம். அப்புறம் ரப்பர். வார் முடிஞ்சு இங்கிலாந்துகிட்ட ஒண்ணுமே இல்ல, இங்க ரொட்டிக்கே ரேஷன். உங்க ரப்பரும் ஈயமும்தான் இவங்களுக்கு டாலர் கொண்டு வந்துச்சு."

போனில் ஒரு படத்தைக் காட்டினாள். இந்த லண்டனில், போர் முடிந்த மறு வருஷம், வெற்றி ஊர்வலம். அதில் எங்கள் காட்டுப்படை ஆள்களையும் கப்பலில் கூட்டிவந்து நடக்கவிட்டிருக்கிறார்கள். நானும் நீயும் பஸ்ஸில் போகிற இந்த ஊர்த் தெருவில் அவர்கள் அணிவகுத்து நடந்திருக்கிறார்கள், வெள்ளைக்காரன் கைதட்டியிருக்கிறான். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவர்களைச் சுடச் சொல்லி உத்தரவு போயிருக்கிறது. இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. தவுக்கேயை அழித்த சண்டை எங்கள் காட்டில் தொடங்கவே இல்லை ஐயா. எங்கேயோ ஒரு மேசையில், நேற்றுவரை ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தபோது தொடங்கியிருக்கிறது. அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் கடைசிவரை நேருக்கு நேர் சுட்டுக்கொள்ளவே இல்லையாம். அந்தக் குண்டெல்லாம் எங்கள் மாதிரி ஊர்களுக்குத்தான் வந்திருக்கிறது.

இனிச் சொல்லப்போவதை உன் அம்மாவுக்கும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பதினெட்டு, பத்தொன்பது வயது. ரப்பர்ப் பால் எடுக்க மரப்பட்டையைச் சீவுகிற வேலை, பால் மரம் வெட்டுவது என்போம், அதைச் செய்துகொண்டிருந்தேன். காட்டுப்படை ஆள்களும் சும்மா இல்லை. பால் மரங்களைக் கொத்திப் பாழாக்கினார்கள். வேலை வாங்குகிற தண்டலை, துரைக்குத் துப்புச் சொன்னான் என்று, மரத்தில் கட்டிச் சுட்டார்கள். அவர் சொன்னாரோ இல்லையோ யாருக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, எங்கள் லயத்தை, சுற்றி முள்கம்பி போட்டான். காட்டுக்குச் சோறு போகக்கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோகக்கூடாது என்று சட்டம். வாசலில் நிறுத்தி வாளியைக் கவிழ்த்து, மடியைத் தடவிப் பார்ப்பார்கள். விடியலில் கிளம்பி வெயில் ஏறும்வரை வெறும் வயிற்றில் மரம் வெட்டவேண்டும். எனக்குப் பசி தாங்காது. ஒரு நாள் புகையிலை டின்னில் ஒரு பிடிச் சோற்றை அமுக்கி வைத்திருந்தேன். எனக்காகத்தான். பிடித்துவிட்டார்கள்.

மூன்று நாள் ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள். அடிக்கவில்லை, அதைச் சொல்லியாகவேண்டும். மொழிபெயர்க்கிற தமிழ் ஆள் ஒருவன் பீடி கொடுத்து, அண்ணன் மாதிரிப் பேசினான். "ஒங்கம்மாளையும் தங்கச்சியையும் கப்பல் ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிடுவாங்க தம்பி. அங்க ஒங்களுக்கு யாரு இருக்கா? சோறு யாருக்குப் போவுதுன்னு கேக்கல. யாரு குடுக்கறான்னு ஒரு ஆளக் காட்டு போதும். வாயத் தொறக்க வேணாம். தலைய ஆட்டுனாப் போதும்."

அந்த மூன்று நாளும் நான் யோசித்தது ஒன்றுதான். யாரைக் காட்டினால் அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது? பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏழு பிள்ளை. ரப்பர்ப் பால் ஸ்டோர்க்காரர் காசநோய்க்காரர். அப்படியே ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தபோது கடைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தத் தாள் ஞாபகம் வந்தது. தவுக்கே. அவரைப் பிடித்தால் என்ன ஆகும்? சுவரிலிருந்து தாளை எடுத்துக் காட்டுவார். ஆபீசர் சல்யூட் அடித்துவிட்டுப் போய்விடுவான். எனக்கும் விடுதலை, அவருக்கும் கெடுதல் இல்லை. இதைப் பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்தேன் ஐயா. உண்மையாகவே மனசு லேசானது.

(வாசுகி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "மாமா, இத நீங்களே அவருகிட்ட நேர்ல..." என்கிறாள். எழுதும்மா என்றேன். நான் இப்படிச் சொன்னதையும் எழுது என்றேன்.)

காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்தில் தோட்டத்து ஆள்கள், கடைக்காரர்கள், எல்லாரையும் வரிசையில் நிறுத்தினார்கள். என் தலையில் கோணிச்சாக்கைக் கவிழ்த்து, இரண்டு கண்ணுக்கும் ஓட்டை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வெங்காயச் சாக்கு. உள்ளே மூச்சு விட்டால் வெங்காய வாசம் எரிந்தது. எல்லாரும் ஒவ்வொருவராக என் முன்னால் நின்று போனார்கள். எங்கள் அம்மாவும் நின்றாள். சாக்குக்குள் இருப்பது நான் என்று அவளுக்குத் தெரியாது, என்னை எங்கேயோ அடைத்துவைத்திருப்பதாக நினைத்துக் கண் வீங்கியிருந்தது. அவளுக்கு நாலு ஆள் தள்ளித் தவுக்கே வந்தார். தலையை ஆட்டினேன். ஒரு தடவைதான், லேசாக.

அவர் பதறவே இல்லை. சம்சாரத்தைப் பார்த்துச் சீனத்தில் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் கடைக்கு ஓடினாள். நான் நினைத்தபடியே நடக்கிறது என்று சாக்குக்குள் எனக்குச் சந்தோஷம். சட்டத்தோடு தாளைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து ஆபீசர் கையில் கொடுத்தாள். புதிய ஆபீசர், பழைய ஆள் இல்லை. நிதானமாகப் படித்தான். மொழிபெயர்ப்பாளனிடம் ஏதோ சொன்னான். அவன் அதைத் தமிழில் எங்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"ஜப்பான்காரன் காலத்துல காட்டுக்காரனுக்குச் சோறு போட்டவன் இப்பப் போடமாட்டானா?"

தாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தவுக்கேயை லாரியில் ஏற்றினார்கள். தாளில் இருந்த எழுத்து ஒன்றுகூட மாறவில்லை, படிக்கிற ஆள்தான் மாறியிருந்தான். எந்த உதவிக்கு நன்றி சொன்னார்களோ அந்த உதவியே குற்றமாகிவிட்டது. எழுத்து படித்தவன் அப்போதே சுதாரித்திருப்பான். என்னைப் போன்றவன்தான் சிங்கத்தை நம்புவான்.

அன்றே என்னை விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போனால் தவுக்கேயின் சம்சாரம் எங்கள் லயத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவிடம், "பாத்தியா, ஒம் மவன் வந்துட்டான். எம் ஆளும் வருவான் லா. குத்தம் செய்யாதவன வெச்சிருக்க மாட்டான்" என்றாள். எனக்குப் பசிக்கும் என்று கடையிலிருந்து ஒரு பொட்டலம் பிஸ்கட் கொண்டுவந்திருந்தாள். அம்மா, "தின்னுடா, ஆசையாக் கொண்டாந்திருக்கா" என்றாள். தின்றேன். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தின்றேன். சில மாதத்தில் தவுக்கேயைச் சீனாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்று சேதி வந்தது. அவர் பிறந்ததே பேராக்கில்தான், சீனாவைக் கண்ணால் பார்த்ததில்லை. சம்சாரமும் இரண்டு பிள்ளைகளும் பின்னாலேயே போனார்கள். பிறகு ஒரு சேதியும் இல்லை. அந்த வருஷம்தான் கொரியாவில் சண்டை நடந்து ரப்பர் விலை ஏறி எங்களுக்குக் கூலி கூடியது. அம்மா முதல் தடவையாக எனக்கு ஒரு நல்ல சட்டை வாங்கித் தந்தாள். நானும் போட்டுக்கொண்டேன்.

இப்போது உனக்குச் சில விஷயம் புரியலாம். உனக்குப் பத்து வயசில், பள்ளிக்கூடத்தில் யார் ரம்புத்தான் பழம் திருடியது என்று வாத்தியார் கேட்டதற்கு நீ ஒரு பையன் பெயரைச் சொன்னாய். அதை வீட்டில் பெருமையாகச் சொன்னபோது பளாரென்று அறைந்தேன். உண்மையைச் சொன்னதற்கு ஏன் அடி என்று உன் அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. நான் அறைந்தது உன்னை இல்லை. அந்த அறை யாருக்குச் சேரவேண்டியது என்று அப்போது சொல்லத் தைரியம் இல்லை. மன்னித்துக்கொள்.

நான் தலையாட்டமாட்டேன் என்பதும் உங்கள் எல்லாருக்கும் சிரிப்புத்தான். சம்மதம் என்றால் வாயால் ஆமா என்பேன், கழுத்து அசையாது. வாசுகியைப் பெண் பார்க்கப் போன அன்று அவள் அப்பா, "சம்மதந்தானே சம்பந்தி?" என்று கேட்டபோது என் வாயில் அதிரசம். விழுங்கிவிட்டுப் பதில் சொல்லலாம் என்று விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பனுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று உள்ளே அழுகையே கிளம்பிவிட்டது. இதை எழுதும்போது வாசுகி சிரிக்கிறாள், கண்ணையும் துடைத்துக்கொள்கிறாள். கொரோனா நேரத்தில் குணா நம் வீட்டுக்கு வெங்காயம் அனுப்பியபோது, "சாக்க வெளியவே வெச்சுட்டு வெங்காயத்த மட்டும் கொண்டா" என்று நான் சத்தம் போட்டதும், "அப்பாவுக்கு வயசாச்சு, எதுக்கெடுத்தாலும் பயம்" என்று நீ குணாவிடம் போனில் சொன்னதும் என் காதில் விழுந்தது.

அந்த நாள்களை நினைத்துப் பார். செல்வராஜூவும் குணாவும் சங்க மண்டபத்தில் ஒரே அடுப்பில் நின்றார்கள். நீ கார் ஓட்டினாய். ஈஸ்ட் ஹாம், மனோர் பார்க், சட்டன்வரை, கதவைத் திறக்கப் பயந்து கிடந்த கிழங்களுக்கெல்லாம் வாசலில் சோறு வைத்துவிட்டு வந்தீர்கள். நோய் போனது. நோய் போனதும் மண்டபத்துச் சாவி யார் கையில் என்ற பேச்சு வந்தது. குணா மண்டபத்தைப் பிடித்துக்கொள்வான் என்று செல்வராஜூவுக்குப் பயம், செல்வராஜூ தன்னைத் துரத்திவிடுவான் என்று குணாவுக்குப் பயம். ஆளுக்கொரு வாட்ஸ்அப் குரூப். நம்மைப் போன்றவர்களைப் பார்த்து நீ எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். சின்னச் சங்கம், சின்ன மண்டபம், இதற்குப் போய் உலகச் சண்டையைச் சொல்கிறாரே என்பாய். கயல் சொன்ன பாடத்தில் எனக்குப் புரிந்ததே அதுதான். எதிரி இருக்கும்வரை கூட நிற்பது சுலபம். எதிரி போன பிறகும் கூட நிற்க முடிகிறதா என்பதில்தான் அவர்கள் எல்லாரும் தோற்றிருக்கிறார்கள்.

குணாவை எனக்கு உன்னளவுக்குத் தெரியாது. ஆனால் மாணவனாக இங்கே வந்த காலத்தில் நீயும் அவனும் ஒரே அறையில், ஒரே ஹீட்டரில் குளிர் காய்ந்தீர்கள். உன் அம்மா போன சேதி வந்து, உனக்கு டிக்கெட் கிடைக்காமல் ஏர்போர்ட்டில் ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தபோது, பரீட்சையை விட்டுவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன். அவன் சங்கத்தில் தப்பே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. செய்திருந்தால் கூட்டத்தில் எழுந்து, அவன் முகத்தைப் பார்த்துச் சொல். முகத்தை மூடிக்கொண்டு குறி போடாதே. பட்டியலைக் கொடுப்பவன் நீ என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நீ கெட்டவன் இல்லை. நானும் அன்று கெட்டவனாக இல்லை. யாருக்கும் பெரிய கெடுதல் வராது, பேர் எடுப்பதோடு சரி என்று உனக்கும் மனசில் ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கணக்குத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று மத்தியானம் உன் ஃபைலை எடுத்து வரச் சொன்னேன். அதற்கு வாசுகியைத் திட்டாதே. பெயர் பெயராகப் படித்தாள். சிவப்புக் குறி போட்ட ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தினாள். சிலரை எனக்குத் தெரியும், ஒருத்தி எனக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போனவள். படித்துக்கொண்டே வந்தவள் என் பெயரில் நிறுத்தினாள்.

"மாமா, ஒங்க பேரு இருக்கு. குறி இல்ல."

குணா கிச்சனுக்கு மூட்டை மூட்டையாக வெங்காயமும் பூண்டும் உரித்துக் கொடுத்தவன் நான். எனக்கும் நன்றிப் பத்திரம் கொடுத்தார்கள். நீதான் அதற்குச் சட்டம் போட்டு, என் கட்டிலுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினாய். "அப்பா வாங்குன மொதோ சர்டிபிகேட்" என்று எல்லாருக்கும் போனில் படம் அனுப்பினாய். உன் கணக்குப்படி நானும் அந்தப் பக்கத்து ஆள்தானே? என்னை ஏன் விட்டாய்? பார்க்காமல் விட்டிருக்கமாட்டாய். அப்பா என்பதால் விட்டிருக்கிறாய். அந்தப் பட்டியலில் இருக்கிற ஒவ்வொருவரும் யாருக்கோ அப்பா, யாருக்கோ அம்மா.

பேனாவைக் கொடு என்றேன். எனக்குக் கையெழுத்து வராது, பெருக்கல் குறி போட வரும். வாசுகி விரல் வைத்துக் காட்டிய இடத்தில், என் பெயருக்குப் பக்கத்தில், சிவப்பில் போட்டிருக்கிறேன். கோணலாக இருக்கும். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் ஒரு பக்கத்தைத் திருப்பித் தன் பெயரைத் தேடினாள். அவளுக்கும் நீ குறி போடவில்லை. அவளே போட்டுக்கொண்டாள். நான் சொல்லவில்லை ஐயா.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டியலைக் கொடுப்பதானால் இந்த இரண்டு குறியோடும் சேர்த்துக் கொடு. நாங்கள் இரண்டு பேரும் கூட்டத்துக்கு வருவோம். பெயர் எடுத்தவர்களை எங்கே நிற்கச் சொல்கிறார்களோ அங்கே நிற்போம். கொடுக்காவிட்டால் நல்லது, அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குக் குணாவையும் செல்வராஜூவையும் வரச் சொல், நான் பூண்டு உரித்து வைக்கிறேன்.

வாசுகி, "முடிஞ்சுதா மாமா? மேசமேல வெச்சிடவா?" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு என்னையே பார்க்கிறாள். இதை மட்டும் அவளே எழுதட்டும்.

மாமா தலையை ஆட்டினார்.